நத்தைக்கு நலம் செய்த வாரியம்

வளர்ப்புப் பிராணிகள் நல வாரியத்துக்கு அந்த ஊரில் இருந்த மரியாதை வேறு எந்த அலுவலகத்துக்கும் கிடையாது. வாரியத்தின் பச்சை வண்டி தெருமுனையில் திரும்பினால் போதும், நாய்கள் தாமாகவே கட்டிலுக்கு அடியில் போய்விடும். பூனைகள் கூரைக்கு ஏறிவிடும். மனிதர்கள் மட்டும்தான் வாசலுக்கு வந்து சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

வாரியத்தின் வேலை என்னவென்றால், பதிவு செய்யாத பிராணிகளுக்கு நலம் செய்வது. நலம் என்றால் என்ன செய்வார்கள் என்று வாரியம் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. மூலை வீட்டுத் தையல்காரர் வளர்த்த கிளியை நலம் செய்ய வேண்டும் என்று கூண்டோடு எடுத்துப்போனார்கள். கொஞ்ச நாள் கழித்துக் கூண்டை மட்டும் நன்றாகக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். "கிளி எங்கங்க?" என்று தையல்காரர் கேட்டார். "கடைசிவரைக்கும் நலமா இருந்துச்சு" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பதையே விட்டுவிட்டார்கள். "என்ன, இருக்கீங்களா?" என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

அந்தத் தெருவில்தான் கோணி குடியிருந்தான். காய்கறிக் கிடங்கில் மூட்டை இறக்குகிற வேலை. வெயிலுக்கும் மழைக்கும் மூட்டைக்கும் ஒரே சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு திரிந்ததால் கிடங்கில் அவனுக்கு அந்தப் பெயர் விழுந்து, வீட்டுக்காரர் வரைக்கும் பரவிவிட்டது.

ஒரு நாள் முட்டைகோஸ் மூட்டையை இறக்கும்போது பிடரியில் ஈரமாக என்னவோ ஊர்ந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு நத்தை. சாதாரண நத்தை இல்லை, அவன் மூடிய கை அளவுக்கு இருந்தது. பழுப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட ஓடு. எந்த ஊர் வயலில் ஏறி, எத்தனை லாரி மாறி வந்ததோ. கூட வேலை செய்தவர்கள் தூக்கி எறியச் சொன்னார்கள். அவனுக்கு மனது வரவில்லை. முதுகில் பாரத்தோடு மெதுவாகப் போகிற எதைப் பார்த்தாலும் அவனுக்குக் கூட வேலை செய்கிற ஆளைப் பார்ப்பது போல இருக்கும். சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

கழுவுவதற்காக அந்த டப்பாவைத் திறந்த மனைவி போட்ட சத்தம் தையல்காரர் வீடு வரைக்கும் கேட்டது.

மகளுக்கு ஆறு வயது. ஒரே பிள்ளை. தம்பி வேண்டும் என்று ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். "இருக்கிற மூணு பேரு படுத்தாலே யாராவது ஒருத்தர் காலு கதவுக்கு வெளியில கிடக்கு. அவனை எங்கடி வைக்கிறது?" என்று அம்மா வாயை அடைத்துக்கொண்டிருந்தாள். நத்தையைப் பார்த்த குழந்தை, அது ஓட்டுக்குள் போவதையும் வருவதையும் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தாள்.

"அம்மா, இவனுக்கு இடம் வேணாம். வீட்டைக் கையோட கொண்டாந்திருக்கான்" என்றாள்.

அம்மா டப்பாவை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். நத்தைக்குத் தம்பி என்று பெயராயிற்று. துணி ஊறவைக்கிற, விரிசல் விட்ட சின்னப் பிளாஸ்டிக் தொட்டியில் ஈர மண்ணைக் கொட்டி அதில் தம்பியைக் குடிவைத்தார்கள். கிடங்கில் உதிர்ந்த கோஸ் இலையும் வெள்ளரித் துண்டும் சாப்பாடு. ஓடு உறுதியாக இருக்க முட்டை ஓட்டைப் பொடித்துப் போட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், அதையும் போட்டார்கள். தொட்டுவிட்டுக் கை கழுவாமல் வந்தால் மட்டும் அம்மாவிடம் அடி விழும். பள்ளிக்கூடத்தில் நடந்ததை எல்லாம் குழந்தை தம்பியிடம் சொல்வாள். தம்பி கொம்பை நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும். பாதிப் பேச்சில் வேலை இருக்கிறது என்று எழுந்து போகாத ஒரே ஆள் அந்த வீட்டில் அதுதான்.

இப்படி இருக்கும்போதுதான் பச்சை வண்டி அவர்கள் வாசலில் வந்து நின்றது. வலைக்காரர் இறங்கினார். ஒரு கையில் வலை, இன்னொரு கையில் நீளக் கம்பு.

"வீட்ல பிராணி ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க" என்றாள் அம்மா, தொட்டியை மறைத்து நின்றுகொண்டு.

"தம்பி இருக்கானே" என்றாள் மகள்.

"தம்பி எல்லாம் பிராணி இல்ல பாப்பா."

"எங்க தம்பி பிராணிதான்."

வலைக்காரர் தொட்டியை எட்டிப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. பதிவில்லாத பிராணியைத் துரத்திப் பிடிக்க வேண்டும் என்பது விதி. நின்ற இடத்தில் இருப்பதை எடுத்துப்போனால் அது திருட்டு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தையல்காரரின் கிளியாவது கூண்டுக்குள் அங்கும் இங்கும் ஓடியது. நத்தையைத் தரையில் விடச் சொன்னார். அது புறப்பட்டது. அவர் வலையை ஓங்கிக்கொண்டு பின்னாலேயே துரத்தினார். அம்மா சோறு வடித்து இறக்கும் வரையில் துரத்தினார். நத்தை அடுப்பங்கரை நிலையைத் தாண்டவில்லை. கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், "எனக்கு இன்னும் நாலு தெரு இருக்கும்மா" என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "திங்கக்கிழமை வாரியத்துக்குக் கொண்டாந்து பதிஞ்சிடுங்க. நடை சோதனையில தேறிட்டா ஒரு பிரச்சனையும் இல்ல. இல்லாட்டி வாரியமே நலம் செஞ்சிடும்."

அவர் போன பிறகு அம்மா கோணியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "எப்படியாவது பதிஞ்சுட்டு வந்துடுங்க. அந்தக் கூண்டு மாதிரி இந்தத் தொட்டியைக் கழுவிக் குடுத்தாங்கன்னா, நான் இவளுக்கு என்னத்தைச் சொல்றது?"

திங்கட்கிழமை கோணி கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு கையில் தொட்டியும் ஒரு கையில் மகளுமாக வாரியத்துக்குப் போனான். வரிசையில் நாய், ஆடு, சேவல், தலையில் கட்டுப் போட்ட குரங்கு எல்லாம் நின்றன. சன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கால் எத்தனை?"

"ஒண்ணுதாங்க."

"மீதி மூணு எங்க?"

"பொறந்ததுல இருந்தே ஒண்ணுதாங்கம்மா. வயிறுதான் கால்."

"எங்ககிட்ட ரெண்டு இருக்கு, நாலு இருக்கு. ஒண்ணு கிடையாது. மூணு கால் விபத்தில் இழப்புன்னு போட்டுக்கறேன். ஆணா பெண்ணா?"

கோணி தயங்கினான். இதைப் பற்றி அவன் கிடங்கில் விசாரித்திருந்தான். "ரெண்டும்ங்க. இந்த வகையில எல்லாமே அப்படித்தானாம்."

அந்த அம்மா முதன்முறையாக நிமிர்ந்தார். தொட்டியைப் பார்த்தார், கோணியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப ரெண்டு விண்ணப்பம் எழுதணும். ஆணுக்கு ஒண்ணு, பெண்ணுக்கு ஒண்ணு. ரெண்டையும் ஒரே இடத்துல வைக்கிறதா இருந்தா ஒண்ணை ஒண்ணு கடிக்காதுன்னு உறுதிமொழி குடுக்கணும்."

"கடிக்காதுங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"இதுவரைக்கும் சண்டை சத்தம் கேட்டதில்லைங்க."

அதையும் எழுதிக்கொண்டார். கழுத்தில் எண் பட்டை கட்ட வேண்டும் என்றார். கழுத்து எது என்று தெரியாததால் ஓட்டைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு அதில் எண்ணைத் தொங்கவிட்டார்கள். நடை மண்டபத்துக்குப் போகச் சொன்னார்கள்.

நடை சோதனைதான் வாரியத்தின் பெருமை. நீளமான மண்டபம். ஒரு முனையில் மஞ்சள் கோடு, மறு முனையில் வெள்ளைக் கோடு. வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் மேடையில் குழு உட்கார்ந்திருக்கும். குழு என்றால் தலைவர், டாக்டர், சட்ட ஆலோசகர். உரிமையாளர் வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட, பிராணி தானாக நடந்து வர வேண்டும். வந்து சேர்ந்தால் பதிவு. வராவிட்டால் நலம்.

சுவரில் விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள். நடக்கிற பிராணியை யாரும் தொடக் கூடாது, தூண்டக் கூடாது. நடை தொடங்கிவிட்டால் முடியும்வரை குழு நாற்காலியை விட்டு எழக் கூடாது, வேறு அலுவல் பார்க்கக் கூடாது. முன்பொரு காலத்தில் ஒரு தலைவர் நடையின் நடுவே டீ குடிக்க எழுந்துபோயிருக்கிறார். மஞ்சள் கோட்டில் ஒரு நொண்டி நாய் புறப்பட்டு, வெள்ளைக் கோட்டில் வேறொரு நல்ல நாய் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த நாளிலிருந்து இந்த விதி. ஒரு நாய் மண்டபத்தைக் கடக்க ஒரு கொட்டாவி நேரம்கூட ஆகாது என்பதால், இதனால் யாருக்கும் இடுப்பு வலித்ததில்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எந்த நடைக்கு முன்னாலும் இரண்டு வார்த்தை பேசுவது அவர் வழக்கம்.

"பிராணிகள்னா எனக்கு உயிர். அதனாலதான் வீட்டுல ஒண்ணுகூட வெச்சுக்கிறதில்ல. நான் இந்த நாற்காலிக்கு வந்ததுல இருந்து எத்தனையோ பிராணிகளுக்கு நலம் செஞ்சிருக்கோம். அதுல ஒண்ணாவது திரும்பி வந்து குறை சொன்னது உண்டா? கிடையாது. அதான் இந்த வாரியத்தோட வெற்றி. ம், மணி அடி."

பியூன் மணியடித்தார். தம்பியை மஞ்சள் கோட்டில் இறக்கி வைத்தான் கோணி. மகள் மண்டபத்தின் மறு முனைக்கு ஓடிப்போய் முட்டி போட்டுக் கை தட்டினாள். "தம்பி, வாடா. இங்க வா."

தம்பி ஓட்டுக்கு வெளியே வந்து, கொம்பை நீட்டி மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தது.

"தொடங்கியாச்சா?" என்று கேட்டார் தலைவர்.

டாக்டர் எக்கிப் பார்த்தார். "தொடங்கியாச்சு சார். நூலளவு முன்னாடி வந்திருக்கு."

சொன்னதும்தான் சட்ட ஆலோசகருக்கு முகம் மாறியது. மண்டபத்தின் நீளத்தையும் நத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், தொடங்கியாச்சுன்னு டாக்டர் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். அதற்குள் நடை தொடங்கிவிட்டதாகப் பதிவாகிவிட்டது.

சாப்பாட்டு வேளை வந்தது, போனது. வரிசையில் நின்ற நாய்களும் ஆடுகளும் வீட்டுக்குத் திரும்பின. கட்டுப் போட்ட குரங்கு மட்டும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தது. தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வேகமாக் கூப்பிடு பாப்பா" என்றார். குழந்தை கூப்பிட்டது. தம்பி தன் வேகத்தில் வந்தது. பின்னால் பளபளவென்று ஒரு தடம் நீண்டது. அது நேரான கோடாக இருப்பதைப் பார்த்து டாக்டரே கொஞ்சம் அசந்துபோனார். "நாய்கூட இப்படி நேரா வராது சார்."

சாயங்காலம் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் மிச்சம். எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். அந்த ஆர்வத்தில் தலைவருக்கு வியர்த்தது. காற்றாடியைக் கூட்டச் சொன்னார். பியூன் முழு வேகத்தில் வைத்தார். வறண்ட காற்று மண்டபத்தைச் சுழற்றி அடித்தது. தம்பி நின்றது. கொம்பை உள்ளே இழுத்தது. பிறகு உடம்பை இழுத்தது. பிறகு ஓட்டின் வாசலில் வெள்ளையாக ஒரு மெல்லிய திரையை இழுத்து மூடிக்கொண்டது.

"என்னாச்சு?" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"தூங்கிட்டான்" என்றாள் மகள்.

"எப்ப எந்திரிப்பான்?"

"மழை வந்தா."

எல்லோரும் சன்னலைப் பார்த்தார்கள். கோடை இப்போதுதான் தொடங்கியிருந்தது. வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு போலச் சுத்தமாக இருந்தது.

"தண்ணி தெளிச்சாலும் எந்திரிப்பான் சார். நான் தெளிக்கட்டா?" என்றாள் மகள்.

"தண்ணி தூண்டுதல்" என்றார் சட்ட ஆலோசகர்.

"காத்தாடியையாவது நிறுத்துய்யா!" என்று கத்தினார் தலைவர்.

"காத்தாடி ஓடும்போது நின்ன நடை சார். இப்ப நிறுத்துனா சூழ்நிலையை மாத்துன குத்தம் வரும். நான் சொல்லல, நாமளே எழுதுன விதி."

"எழுதுனது நீதானே?"

"நீங்க கையெழுத்துப் போட்டதுதான் சார்."

அன்றைக்கு வாரியம் மூடவில்லை. மறுநாளும் மூடவில்லை. வீட்டிலிருந்து தலையணை வந்தது, மாற்றுச் சட்டை வந்தது, டாக்டருக்கு மட்டும் கழுத்துப் பட்டை வந்தது. ஒதுங்குவதற்குக்கூட நாற்காலியை விட்டு எழாமல் நாற்காலியோடு தூக்கிப்போக வேண்டியிருந்தது. பியூன் ஒருவரால் முடியாததால் அந்த வேலைக்குக் கோணியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவன் பழக்கத்தில் தலைவரைத் தோளில் ஏற்றி, கதவு இடுக்கில் இடிக்காமல் திருப்பி, இறக்கி வைத்தான். "உருளைக்கிழங்கு மூட்டையை விட லேசுதாங்க" என்று மரியாதையாகச் சொன்னான்.

மற்ற நேரத்தில் உரிமையாளர் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் கோணி கூப்பிட்டான், "தம்பி வாப்பா, தம்பி வாப்பா" என்று. கிடங்கில் சேர்ந்ததிலிருந்து இவ்வளவு நேரம் அவன் சும்மா நின்றதே இல்லை. முதுகு நிமிர்ந்து, இரண்டு விரல் உயரம் கூடிவிட்டது போல இருந்தது. ஆனால் உள்ளுக்குள் பயம் அரித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த ஒரு சாணை அவன் பார்க்காத நேரம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நேராக மண்டபத்துக்கு ஓடிவருவாள். வாசலிலேயே நின்று, "இருக்கானா?" என்று கேட்பாள். "இருக்கான்" என்ற பிறகுதான் உள்ளே வருவாள்.

வாரியம் இப்படிக் கட்டிப்போட்டது போலக் கிடந்த நாட்களில் ஊருக்கு ஒரு மாற்றம் வந்தது. தலைவர் கையெழுத்துப் போடாததால் எந்தப் பிராணிக்கும் நலம் செய்ய முடியவில்லை. அந்த ஊர்ப் பிராணிகள் அத்தனை ஆரோக்கியமாக அதற்கு முன் இருந்ததே இல்லை. நாய்கள் பச்சை வண்டியின் நிழலிலேயே படுத்துத் தூங்கின. வலைக்காரர் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனார்.

இந்தச் செய்தி தலைநகரில் இருந்த வாரிய இயக்குநர் காதுக்குப் போனது. காரில் வந்து இறங்கினார். மண்டபக் கதவைத் திறந்தபோதே தலைவர் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார். "சார், உள்ள வராதீங்க!"

"என்னய்யா, எனக்கே உத்தரவா?" என்று இயக்குநர் காலை உள்ளே வைத்தார்.

சட்ட ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார். "வணக்கம் சார். நடை நடக்கும்போது மேலதிகாரி மண்டபத்துக்குள்ள வந்தா அவர்தான் குழுவுக்குத் தலைவர். உக்காருங்க சார். உக்காந்துதான் ஆகணும்."

இயக்குநர் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். பழைய தலைவரை எழ விடாமல் அப்படியே தூக்கி, உறுப்பினராக ஒரு முக்காலியில் இறக்கிவைத்தார்கள். ஒரு பகல் கழிந்தது. இயக்குநர் ஒரு முறை கோணியின் தோளில் போய் வந்தார். திரும்பி வந்ததும் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இங்க பாருப்பா. உனக்கு ஒரு நல்ல வழி சொல்றேன். விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நடை முடிஞ்சுடும். நாங்க எந்திரிச்சுடுவோம்."

"அப்ப நத்தைங்க?"

"அது பதிவில்லாத பிராணி ஆயிடும்."

"அதுக்கு அப்புறங்க?"

இயக்குநர் மேலே ஓடுகிற காற்றாடியைப் பார்த்தார். "அப்புறம் வழக்கம் போல. நலம்தான்."

கோணி மகளைப் பார்த்தான். அவள் வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, தரையில் கன்னத்தை வைத்து, மூடிய ஓட்டிடம் பள்ளிக்கூடத்தில் யாரோ பென்சிலைப் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க. நாங்க மழை வர்றவரைக்கும் நிக்கிறோம். எங்களுக்கு நின்னு பழக்கந்தான்."

"ஏம்ப்பா, ஒரு நத்தைக்காக அரசாங்கத்தையே உக்கார வெச்சிருக்கியே, மனசாட்சி இருக்கா உனக்கு? இந்தப் பதவிக்கு நான் எத்தனை பேரைத் தாண்டி வந்திருக்கேன் தெரியுமா? ஒருத்தராவது என்னை நிறுத்த முடிஞ்சுதா? இது நிறுத்திடுச்சு!"

டாக்டர் முனகினார். அவருக்குக் கழுத்து திரும்பாததால் நேராகச் சுவரைப் பார்த்துத்தான் பேசினார். "சார், ஒரு யோசனை. செத்த பிராணி நடக்க வேண்டியதில்ல. நடுவுல செத்துட்டா நடை தானா முடிஞ்சுடும். உடம்பை உரிமையாளர்கிட்ட குடுத்துடலாம்."

"ஆனா இது சாகலையே?"

"அசைவு இல்ல. மூச்சு தெரியல. கூப்பிட்டாப் பதில் இல்ல. நான் இதை வெச்சே நிறையச் சான்றிதழ் குடுத்திருக்கேன் சார்."

அத்தனை நாளில் முதல் தடவையாகக் குழுவின் முகத்தில் ரத்தம் ஓடியது. சட்ட ஆலோசகர் மட்டும் விரலை உயர்த்தினார். "உரிமையாளர் ஒப்புக்கணும்."

"தம்பி சாகல!" மகள் துள்ளி எழுந்தாள். "தூங்குறான்! தண்ணி தெளிச்சுப் பாருங்க! அப்பா, நீ சொல்லுப்பா!"

பொய் சொன்னால் வாயில் சூடு போடுவேன் என்று அவளை மிரட்டி வளர்த்தவன் கோணி. இப்போது நான்கு பெரிய மனிதர்கள் பொய்யைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டு, அதை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கண்ணால் கெஞ்சுகிறார்கள். எடுக்காவிட்டால் மழை வருவதற்குள் இந்தக் காற்றில் தம்பி காய்ந்தே போய்விடும். எடுத்தால் மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

குனிந்து அவள் காதில் சொன்னான். "தம்பியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணுமா, வேணாமா?"

"போகணும்."

"அப்ப இவங்க சொல்றதுக்குச் சும்மா தலையாட்டு."

"செத்துட்டான்னு சொன்னா அவன் கோவிச்சுக்குவான்."

"தூங்குறான்ல. காதுல விழாது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள். ஆட்டும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார், "குடும்பத்தார் கண்ணீர் விட்டனர்" என்று. சான்றிதழ் எழுதியாயிற்று. இயக்குநர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மையை ஊதிக் காயவைத்தார்.

அதோடு விட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும். ஆனால் வாரியத்தின் கட்டடத்துக்குள் உயிர்விடும் பிராணிக்கு முழு மரியாதை செய்ய வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பச்சை வண்டிக்குள் உயிர்விடுபவற்றுக்கு அது பொருந்தாது. பியூன் ஓடிப்போய் மலர்வளையம் ஒன்றை வாங்கிவந்தார். வாடாமல் இருப்பதற்காகக் கடைக்காரர் அதைத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கொடுத்திருந்தார். சொட்டச் சொட்ட அதைக் கொண்டுவந்து தம்பியைச் சுற்றி வைத்தார்கள். காற்றாடியையும் மரியாதைக்காக நிறுத்தினார்கள்.

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து, மேடையை விட்டு இறங்கி, வெள்ளைக் கோட்டுக்கு அருகே நின்றார். குழு முழுவதும் எழுந்தது. முட்டிகள் விட்ட சத்தத்தில் சன்னலில் இருந்த புறா பறந்தது.

"ஒரு ஒப்பற்ற நத்தையை நாம் இழந்திருக்கிறோம்" என்று ஆரம்பித்தார் இயக்குநர். பேச்சு என்றால் அவருக்கு எழுத்துத் தமிழ் வந்துவிடும். "விதிகளை மதித்து, யாருக்கும் அஞ்சாமல், யாருக்காகவும் அவசரப்படாமல், நேர்கோட்டில் நடந்த உத்தமப் பிராணி. நம் அலுவலகத்தில் எத்தனையோ பேர் அதன் வழியில் பணியாற்றிவருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இப்போது மௌனம் காப்போம். மணி அடிக்கும்வரை யாரும் அசையக் கூடாது."

எல்லோரும் தலைகுனிந்தார்கள். தலைகுனிந்தால் கண் எங்கே போகும்? நேராகத் தம்பியிடம்தான் போகும்.

வெள்ளைத் திரையில் ஒரு துளி தண்ணீர் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. திரை நடுவில் இளகி, குமிழ் விட்டு, கிழிந்தது. ஒரு கொம்பு வந்தது. இரண்டாவது கொம்பு வந்தது. தம்பி வெளியே வந்து சோம்பல் முறிப்பது போல உடம்பை நீட்டியது. எதிரே இருந்த ஒரு பூவிதழைக் கடித்துப் பார்த்தது. பிடித்திருந்தது போல, முழுவதையும் தின்றது. பிறகு வளையத்தின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, வெள்ளைக் கோட்டை நோக்கிப் புறப்பட்டது.

யாரும் அசையவில்லை. மௌனத்தை முடிக்க மணி அடிக்க வேண்டிய பியூன் வாயைப் பிளந்து நின்றார். மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாகச் சிரிப்பு கசிந்தது. தம்பி வந்தது, வந்தது, வெள்ளைக் கோட்டைத் தொட்டது, தாண்டியது, இயக்குநரின் பூட்ஸில் ஏறத் தொடங்கியது. அப்போதுதான் பியூனுக்கு நினைவு வந்து மணியை அடித்தார்.

"தாண்டிட்டான்! சார், தம்பி பாஸ்!" என்று குதித்தாள் மகள்.

"குழந்தை, பாவம், அதிர்ச்சியில பேசுது" என்றார் டாக்டர் சுவரைப் பார்த்து. "செத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படி இப்படி அசைவு இருக்கத்தான் செய்யும்."

"பூ தின்னுச்சே!"

"அதுவும் அசைவுதான்."

பழைய தலைவருக்கு ஆசை தாங்கவில்லை. "சார், கோட்டைத் தாண்டினது என்னமோ உண்மை. பேசாம பதிஞ்சு விட்டுடலாமா?"

"மை காஞ்சிடுச்சுய்யா" என்றார் இயக்குநர். காலை அசைக்காமல் நின்றபடியே பேசினார், ஏனென்றால் இறந்தவர் இப்போது கணுக்கால் வரை ஏறியிருந்தார். "செத்த பிறகு நடந்த நடை கணக்குல சேராது. அப்புறம், எந்த நடையைச் சொல்றே? நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்."

"நானும்" என்றார் சட்ட ஆலோசகர்.

"எப்பவுமே மூடிக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றார் டாக்டர்.

கோணி குனிந்து, இயக்குநரின் காலிலிருந்து உடலை மெதுவாகப் பெயர்த்து எடுத்துத் தொட்டியில் வைத்தான். குழு வரிசையாக வந்து அவன் கையைப் பிடித்து வருத்தம் தெரிவித்தது. அப்படியே ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனது.

அடுத்த வாரம் வலைக்காரர் சுற்றுக்கு வந்தார். தம்பி தொட்டி விளிம்பில் உட்கார்ந்து வெள்ளரித் துண்டைக் கரகரவென்று ராவிக்கொண்டிருந்தது. அம்மா சான்றிதழை நீட்டினாள். வலைக்காரர் படித்தார், நத்தையைப் பார்த்தார், மறுபடி படித்தார். "செத்துடுச்சா" என்றார். "ஆமாங்க" என்றாள் அம்மா. "செத்ததுக்கு எதுக்கும்மா வெள்ளரி?" என்று கேட்டார். "மனசு கேக்கலைங்க" என்றாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுப் போனார்.

இது தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா? தையல்காரர் புதிதாக வாங்கிய கிளியை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போய், "ஐயா, இது செத்துப்போச்சு" என்றார். கிளி, "பொய், பொய்" என்று கத்தியது. கண்ணாடி அம்மா நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக் கொடுத்தார். நாய்க்காரர்கள், ஆட்டுக்காரர்கள், சேவல்காரர்கள் எல்லோரும் போனார்கள். திரும்ப மண்டபத்தில் உட்கார வாரியத்துக்கும் தெம்பில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டது. அந்த வருட அறிக்கையில், ஊரில் பதிவில்லாத பிராணி ஒன்றுகூட உயிரோடு இல்லை என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். இயக்குநருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

ஒரு நாள் காலையில் கோணி கிடங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வெயில் ஏறுவதற்கு முன்னால் மூன்று லாரி வந்து நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். தோள் இரண்டும் அப்போதே வலித்தன. மகள் பள்ளிக்கூடத்துக்கு எழுந்திருக்க மாட்டேன் என்று போர்வைக்குள் சுருண்டிருந்தாள். அம்மா போர்வையை இழுத்தாள். அவள் உள்ளே இழுத்தாள்.

"அப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னம்மா?"

"தம்பி செத்ததுல இருந்து அவனை யாரும் எதுவும் சொல்றதில்ல. எங்கயும் கூப்பிடுறதில்ல. சாப்பிடுறான், தூங்குறான். எனக்கும் அந்த ஆபீஸ்ல அந்தச் சீட்டு ஒண்ணு வாங்கிட்டு வர்றியா?"

"வாயைக் கழுவுடி!" என்று அம்மா பதறிப்போய் முதுகில் ஒன்று வைத்தாள். "நீங்க என்னங்க, ஒரு வார்த்தை சொல்லாம நிக்கிறீங்க?"

கோணி சாக்கைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்தான். கேட்டால் குடும்பத்துக்கு ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பார்களா, இல்லை ஆளுக்கு ஒன்று தனித்தனியாக வாங்க வேண்டுமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.